பெயர்த் தகடு இல்லாத பழைய லேத்: எப்படி அடையாளம் காண்பது, எங்கே கை வைப்பது

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிவிடுகிறேன். மூடப்பட்ட பட்டறை ஒன்றிலிருந்து ஒரு சிறிய லேத் (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) உங்களிடம் வந்திருக்கிறது. பெயர்த் தகடு இருந்த இடத்தில் இரண்டு துளைகள் மட்டுமே மிச்சம். எல்லாவற்றையும் தாங்கும் அடித்தளமான பெட்டின் நீளம் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம். சுழலும் தண்டான ஸ்பிண்டிலில் மூன்று படி கொண்ட தட்டை பெல்ட் கப்பி. வேலைத் துண்டைப் பிடிக்கும் சக் கழலவே மாட்டேன் என்கிறது. மரை வெட்டும் அளவை மாற்ற உதவும் சேஞ்ச் கியர் ஒன்றில் இரண்டு பற்கள் உடைந்திருக்கின்றன. எல்லாவற்றின் மீதும் பல பூச்சாகப் பச்சைப் பெயிண்ட். இதைச் செய்தது யார், மீட்க முடியுமா, எங்கே தொடங்குவது என்பவை உங்கள் கேள்விகள்.

மூன்றாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஆசையோடு தொடங்குபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது அங்கேதான். கம்பி பிரஷ், உப்புத்தாள், பெயிண்ட் நீக்கி எதையும் இப்போது தொடாதீர்கள். அந்த அழுக்கு ஒரு சாட்சி. எந்த எண்ணெய்த் துளை அடைபட்டுக் கிடந்தது, வெட்டும் டூலைத் தாங்கி நகரும் கேரியேஜ் எந்தப் பகுதியில் அதிகம் நடமாடியது, எந்த போல்ட்டை யாரோ பிற்காலத்தில் மாற்றினார்கள் என்பதெல்லாம் அழுக்கு இருக்கும்வரைதான் தெரியும். முதலில் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். பிறகு அளவெடுத்து ஒரு நோட்டில் எழுதுங்கள். துடைப்பது அதற்குப் பிறகுதான்.

பெயருக்கு வருவோம். தகடு இல்லாத லேத் என்பது அபூர்வமில்லை. பெயிண்ட் அடிக்கக் கழற்றிய தகடு திரும்பப் பொருத்தப்படாமல் போயிருக்கலாம். செய்த நிறுவனம் ஒன்றாகவும் விற்ற பெயர் வேறாகவும் இருந்திருக்கலாம். அமெரிக்காவில் அட்லஸ் நிறுவனம் செய்த லேத்துகளை சியர்ஸ் கடைகள் ‘கிராஃப்ட்ஸ்மேன்’ என்ற பெயரில் விற்றன. சவுத் பெண்ட் நிறுவனத்தின் 9 அங்குல லேத்தின் அமைப்பையே ஒட்டி இங்கிலாந்தில் பாக்ஸ்ஃபோர்டும் ஆஸ்திரேலியாவில் ஹெர்கஸும் லேத்துகளைச் செய்தன. ஆகவே படத்தைப் படத்தோடு ஒப்பிட்டு ‘இது அதேதான்’ என்று முடிவு செய்துவிடாதீர்கள். தோற்றம் ஏமாற்றும். அளவுகள் அவ்வளவு எளிதில் ஏமாற்றுவதில்லை.

எண்களைத் தேடும் இடங்களில் முதலாவது பெட்டின் டெயில்ஸ்டாக் (துண்டின் மறுமுனையைத் தாங்கும் பகுதி) பக்க முனை. சவுத் பெண்ட் தன் வரிசை எண்ணை அந்த முனையில், பெட்டின் மேற்பரப்பிலேயே அடித்தது. வேறு பலரும் அங்கேயே அடித்தார்கள். நான் மீட்ட ஒரு லேத்தில் அந்த இடம் வழவழப்பான பச்சையாகத்தான் தெரிந்தது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியை ஒரு இரவு அதன்மேல் போட்டுவைத்து, காலையில் பழைய பிளேடு ஒன்றைப் படுக்கையாகப் பிடித்து மெல்லத் தள்ளினேன். பெயிண்ட் தோல்போல உரிந்தது. அடியில் கறுத்த எண்ணெய்ப் படலம். அதைத் துடைத்ததும் நான்கு எண்கள். மூன்றாவது எண் மட்டும் சாய்ந்திருந்தது. எண் உளியை யாரோ கையில் பிடித்துச் சுத்தியலால் அடித்திருக்கிறார் என்பது அந்தச் சாய்விலேயே தெரிந்தது.

அடுத்து, வார்ப்புகளின் உட்பக்கம். கியர் மூடியின் உள்ளே, கேரியேஜின் முன்பலகையான ஏப்ரனின் பின்னால், கால்களின் உட்புறத்தில் புடைப்பான எழுத்துகளும் எண்களும் இருக்கும். அவை வார்ப்பு அச்சின் எண்கள். ஒரே எழுத்து பல உறுப்புகளின் எண்ணுக்கு முன்னால் திரும்பத் திரும்ப வந்தால் அது மாடலின் குறியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்பிண்டிலைத் தாங்கும் ஹெட்ஸ்டாக்கின் அடியிலும் டெயில்ஸ்டாக்கின் அடியிலும் ஒரே எண் அடிக்கப்பட்டிருந்தால் இரண்டும் இந்த பெட்டுக்கென்றே இழைத்துப் பொருத்தப்பட்டவை. எண் வேறுபட்டால், டெயில்ஸ்டாக் வேறொரு லேத்திலிருந்து வந்ததோ என்று இரண்டிலும் மாட்டும் கூர்முனைகளான சென்டர்களை நேருக்கு நேர் கொண்டுவந்து உயரத்தைச் சரிபாருங்கள்.

பெட்டின் குறுக்குவெட்டு வடிவம் நல்ல தடயம். தலைகீழ் V வடிவ மேடுகள் அமெரிக்க மரபில் மிகுதி; தட்டையான பெட் சிறிய பிரிட்டிஷ் லேத்துகளில் மிகுதி, மைஃபோர்டு அதற்கு எடுத்துக்காட்டு. ஆனால் அமெரிக்க அட்லஸும் தட்டை பெட்தான், எனவே இதை மட்டும் நம்ப முடியாது. பெட் உருண்டைக் குழாய்போல இருந்தால் டிரம்மண்ட் நிறுவனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அளவைச் சொல்லும் முறையிலும் குழப்பம் வரும். பிரிட்டிஷ் வழக்கம் சென்டரின் உயரத்தைச் சொல்லும். அமெரிக்க வழக்கம் சுழலக்கூடிய விட்டத்தைச் சொல்லும். ஒருவர் 4½ அங்குலம் என்பதும் மற்றவர் 9 அங்குலம் என்பதும் ஒரே அளவைத்தான். பழைய விளம்பரங்களில் தேடும்போது இரண்டு எண்ணையும் வைத்துத் தேடுங்கள்.

போல்ட்டுகள் நிறையப் பேசும். பிரிட்டனில் ஜோசப் விட்வொர்த் 1841-இல் முன்வைத்த மரையின் கோணம் 55 பாகை. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864-இல் முன்வைத்தது 60 பாகை. அரை அங்குல போல்ட் ஒன்றைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது: விட்வொர்த் என்றால் ஓர் அங்குலத்துக்கு 12 புரி, அமெரிக்கக் கரடு மரை என்றால் 13. மெட்ரிக் ஸ்பானரும் சரியாக உட்காராமல், சாதாரண அங்குல ஸ்பானரும் உட்காராமல் போனால் தலை விட்வொர்த் அளவாக இருக்கலாம். அந்த ஸ்பானர்களில் எழுதியிருப்பது தலையின் அகலமல்ல, போல்ட்டின் விட்டம். எளிதில் கழலும் போல்ட்டுகளைச் சாட்சியாக எடுக்காதீர்கள், அவை மாற்றப்பட்டிருக்கும். ஹெட்ஸ்டாக்கை பெட்டோடு பிணைக்கும் போல்ட்டுகள் போல, யாரும் தொடாதவற்றைப் பாருங்கள்.

சக் மாட்டும் ஸ்பிண்டில் மூக்கின் மரைதான் எனக்குப் பிடித்த சாட்சி, ஏனென்றால் அதை மாற்றுவது ஏறத்தாழ நடக்காத காரியம். 1946-இல் வந்த மைஃபோர்டு எம்.எல்.7 லேத்தில் அது 1⅛ அங்குல விட்டம், 12 புரி. சவுத் பெண்ட் 9 அங்குல லேத்தில் 1½ அங்குலம், 8 புரி. உங்கள் சக் கழன்ற பிறகுதான் இதை அளக்க முடியும். அதுவரை டெயில்ஸ்டாக்கின் உள் சரிவை அளந்துவையுங்கள். மோர்ஸ் டேப்பர் என்ற வழக்கமான சரிவின் அகன்ற முனை எண் 1-க்கு 12.065 மி.மீ., எண் 2-க்கு 17.780 மி.மீ., எண் 3-க்கு 23.825 மி.மீ.

மரை வெட்டும்போது கேரியேஜை நகர்த்தும் லீட் ஸ்குரூவை ஒரு புரிக்கு அளக்காதீர்கள், பதினாறு புரிக்கு அளங்கள். 50.8 மி.மீ. வந்தால் ஓர் அங்குலத்துக்கு 8 புரி, 48 மி.மீ. வந்தால் 3 மி.மீ. பிட்ச் (அடுத்தடுத்த புரிகளின் இடைத்தூரம்). அங்குல லீட் ஸ்குரூவின் ‘ஆக்மி’ வடிவப் புரியின் கோணம் 29 பாகை, மெட்ரிக் வடிவம் 30 பாகை. அந்த ஒரு பாகையைக் கண்ணால் பிரிக்க முடியாது, நீளம்தான் பிரித்துக் காட்டும். 8 புரி லீட் ஸ்குரூவோடு 127 பல் கியர் ஒன்றும் கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். 127-ஐ 5-ஆல் வகுத்தால் 25.4. அங்குல லேத்தில் மெட்ரிக் மரை சரியாக வெட்ட அந்தக் கியர் வேண்டும்.

உடைந்த கியருக்கும் இதே கணக்குப் புத்தி தேவை. வெளி விட்டத்தை அங்குலத்தில் அளந்து, பற்களின் எண்ணிக்கையோடு 2 கூட்டி, விட்டத்தால் வகுத்தால் பல்லின் அளவைச் சொல்லும் டயமெட்ரல் பிட்ச் (டி.பி.). 38 பல், 2 அங்குல விட்டம் என்றால் 40-ஐ 2-ஆல் வகுக்க 20 டி.பி. மில்லிமீட்டரில் அளந்த விட்டத்தை அதே கூட்டுத்தொகையால் வகுத்தால் மாட்யூல், அதாவது பல்லின் மெட்ரிக் அளவு. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: 20 டி.பி. என்பது 1.27 மாட்யூலுக்குச் சமம், அதற்குப் பக்கத்திலேயே 1.25 மாட்யூல் கியர்கள் உண்டு. 40 பல் கியரில் 20 டி.பி. என்றால் 53.34 மி.மீ., 1.25 மாட்யூல் என்றால் 52.5 மி.மீ. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கையில் பிடித்துச் சேர்த்துப் பார்த்தால் இரண்டும் பொருந்துவதுபோலவே இருக்கும்; ஓட்டும்போது இரையும், பற்கள் சீக்கிரம் தேயும். பழைய கியர்களில் பல்லின் அழுத்தக் கோணம் 14½ பாகை, புதியவற்றில் 20 பாகை. வாங்குவதற்கு முன் அதையும் கேளுங்கள்.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. நெம்புகோலால் பிட்ச் மாற்றும் கியர் பெட்டிக்கு வெண்டெல் நார்ட்டன் 1892-இல் காப்புரிமை பெற்றார். உங்கள் லேத்தில் அது இல்லை என்பதால் அது 1892-க்கு முந்தையது என்று ஆகிவிடாது. விலை குறைந்த சிறிய லேத்துகள் அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்தும் தனித்தனி சேஞ்ச் கியர்களோடுதான் வந்தன. தட்டை பெல்ட் கப்பியும் அப்படியே: கூரையை ஒட்டி ஓடிய பொதுத் தண்டிலிருந்து ஓட்டிய காலத்தின் மரபு அது, ஆனால் தனி மோட்டார் வந்த பிறகும் நெடுநாள் நீடித்தது.

இவ்வளவு அளந்த பிறகும் பெயர் கிடைக்காமல் போகலாம். அதற்காக வருந்த வேண்டாம் என்றே சொல்வேன். ஸ்பிண்டில் மரை, டேப்பர், லீட் ஸ்குரூவின் பிட்ச், கியரின் டி.பி., சென்டர் உயரம் ஆகிய ஐந்தும் கையில் இருந்தால் சக்கும் கியரும் சென்டரும் டூலைப் பிடிக்கும் டூல் போஸ்ட்டும் வாங்கவோ செய்துகொள்ளவோ முடியும். பெயர் தெரிந்து இந்த ஐந்தும் தெரியாதவரைவிட உங்கள் நிலை மேல்.

இப்போது, மீட்கத் தகுந்ததா என்ற கேள்வி. ஹெட்ஸ்டாக் வார்ப்பில் பேரிங் இருக்கையின் குறுக்கே விரிசல், பெட்டில் உடைவு, ஸ்பிண்டில் காணாமல் போயிருத்தல் ஆகிய மூன்றில் ஒன்று இருந்தால் நான் அந்த லேத்தை உதிரிகளுக்காக மட்டுமே வைத்துக்கொள்வேன். மற்றக் குறைகளெல்லாம் உழைப்புக்குக் கட்டுப்பட்டவை.

எல்லோரும் அஞ்சுவது பெட்டின் தேய்மானத்துக்கு. கேரியேஜின் ஜிப்பை (இடைவெளியைச் சரிசெய்யும் பட்டையை) ஹெட்ஸ்டாக் அருகே ஆட்டமில்லாமல் இறுக்கிவிட்டு டெயில்ஸ்டாக் பக்கம் நகர்த்திப் பாருங்கள். போகப் போக இறுகினால், ஹெட்ஸ்டாக் பக்கம் தேய்ந்திருக்கிறது. ஏறக்குறைய எல்லாப் பழைய லேத்தும் அங்கேதான் தேய்ந்திருக்கும், வேலையெல்லாம் அங்கேதான் நடக்கிறது. ஆனால் அந்தத் தேய்மானம் என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பெட் தேய்ந்து, டூலின் முனை நேர் கீழாக 0.1 மி.மீ. இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். 25 மி.மீ. விட்டமுள்ள தண்டைக் கடையும்போது அதனால் விட்டத்தில் வரும் பிழை 0.001 மி.மீ.-க்கும் குறைவு. ஏனென்றால் டூல் தண்டின் மையத்துக்கு நேரே நிற்கிறது. அங்கே சிறிது மேலோ கீழோ போனால் வட்டத்தின் விளிம்பைத் தொட்டபடியே நகர்கிறது. அதே 0.1 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால் விட்டம் முழுசாக 0.2 மி.மீ. மாறிவிடும். தேய்ந்த பெட்டில் கேரியேஜ் இறங்குவதோடு சற்றுச் சாயவும் செய்யும் என்பதால் உண்மையான பிழை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும். இதைப் புரிந்துகொண்டால் மேடு பள்ளத்தைப் பார்த்து மனம் உடைந்து, நல்ல லேத்தைப் பழைய இரும்புக்குப் போட மாட்டீர்கள். கடைசலுக்குப் பெரிய எதிரி தேய்மானத்தைவிட பெட்டின் முறுக்கம். முறுக்கத்தைக் காசு செலவில்லாமல் சரிசெய்யலாம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஸ்பிண்டிலைச் சோதிக்க, நுண் அசைவை அளக்கும் டயல் கேஜின் முள்ளை ஸ்பிண்டில் மூக்கின் மேல் வைத்து, மரக்கட்டையை நெம்புகோலாகக் கொண்டு மிதமான பலத்தோடு தூக்குங்கள். உருளையோ குண்டோ இல்லாத சாதா புஷ் பேரிங்கில் 0.02 முதல் 0.03 மி.மீ. ஆட்டம் என்றால் தொடவே வேண்டாம். அந்த ஆட்டம் எண்ணெய்ப் படலத்துக்கான இடம். 0.05-ஐத் தாண்டினால் பேரிங் மூடியின் அடியிலுள்ள ஷிம் என்ற மெல்லிய தகட்டை எடுத்துச் சரிசெய்யப் பாருங்கள்.

சக்குக்கு வருகிறேன். வேகத்தைக் குறைக்கும் பேக் கியரைப் பூட்டிவிட்டுச் சக்கைப் பலமாகத் திருப்புவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. அதைச் செய்யவே கூடாது. வார்ப்பிரும்புக் கியர் பற்கள் உடைவது பெரும்பாலும் இதனால்தான். பேக் கியரின் பெரிய சக்கரம் உடைந்தால் மாற்று கிடைப்பது அரிது. சக்கின் பின்புறம் மரையில் ஊடுருவும் எண்ணெயை விட்டு இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். ஸ்பிண்டிலைக் கியரால் பிடிக்காமல், கப்பியைச் சுற்றிப் பட்டை ரிஞ்சாலோ பெல்ட்டாலோ பிடியுங்கள். சக்கின் தாடைகளில் ஒரு தடித்த இரும்புக் கம்பியைக் குறுக்காகப் பிடித்து, சக்கின் பின்தட்டைச் சூட்டுக் காற்றுத் துப்பாக்கியால் சூடாக்கி, கம்பியின் முனையில் ஒரு சுருக்கமான அடி. மெல்ல இழுப்பதைவிடத் திடீர் அதிர்ச்சிக்குத்தான் இறுகிய மரை இளகும். டெயில்ஸ்டாக் பக்கத்திலிருந்து பார்க்கும்போது சக் இடஞ்சுழியாகக் கழலும். ஒரே நாளில் கழலாவிட்டால் எண்ணெய் விட்டுவிட்டு அடுத்த நாள் வாருங்கள். அவசரம் இங்கே ஒரு கியரின் விலை.

பிரிக்கும்போது ஒரே நேரத்தில் ஒரு பகுதி மட்டும். டெயில்ஸ்டாக்கைப் பிரித்து, சுத்தம் செய்து, பூட்டிய பிறகே டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடு, ஹெட்ஸ்டாக் கடைசி. ஹெட்ஸ்டாக் பேரிங் மூடிகளின் அடியில் மெல்லிய பித்தளை ஷிம்கள் இருக்கும். நான் முதன்முதலில் திறந்த ஹெட்ஸ்டாக்கில் முன் பேரிங்கின் ஒரு பக்கம் மூன்று, மறு பக்கம் மூன்று, பின் பேரிங்கில் வேறு கனங்களில் இன்னும் சில. எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் இருந்த ஒரே டப்பாவில் போட்டேன். திரும்பப் பூட்டியபோது ஒரு சேர்க்கையில் ஸ்பிண்டில் சுற்றவே மறுத்தது, இன்னொன்றில் கடகடவென்று ஆடியது. மைக்ரோமீட்டரால் ஒவ்வொன்றையும் அளந்து, டயல் கேஜ் வைத்துத் திரும்பத் திரும்பப் பூட்டிப் பார்த்துச் சரியான வரிசை பிடிக்க நான்கு மாலைகள் ஆயின. இன்று ஒவ்வொரு ஷிம்மும் தனி உறைக்குள் போகிறது. உறையின் மேல் முன் அல்லது பின், இடம் அல்லது வலம், மேலிருந்து எத்தனையாவது என்று எழுதிவைக்கிறேன். ஸ்பிண்டிலுக்கு அடியில் எண்ணெய் ஏற்றும் கம்பளித் திரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் ஸ்பிண்டிலை உருவும் முன் திரியைக் கீழே அழுத்திக் கம்பியால் பிடித்துவைக்க வேண்டும், இல்லையேல் ஸ்பிண்டிலின் விளிம்பு அதைக் கத்தரித்துவிடும். மாற்றும்போது உண்மையான கம்பளி ஃபெல்ட்டையே போடுங்கள்.

கேரியேஜ் நகரும் வழித்தடங்களில் எமரித் தாளும் கிரைண்டரும் வேண்டவே வேண்டாம். எமரித் துகள் வார்ப்பிரும்பில் பதிந்து, பிறகு பல ஆண்டுகள் கேரியேஜை அரைத்துக்கொண்டே இருக்கும். எண்ணெய் விட்டு, பிளேடைப் படுக்கையாகத் தள்ளினாலே மேல் துரு வந்துவிடும். கறை தங்கினால் தங்கட்டும், கறை அளவை மாற்றாது. கைப்பிடி, பிராக்கெட் போன்ற உறுப்புகளுக்கு மின்பகுப்பு மிக நல்ல வழி: 4 லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா, 12 வோல்ட் சார்ஜர், உறுப்பு எதிர்முனையில், பழைய சாதா இரும்புத் துண்டு நேர்முனையில். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை நேர்முனையில் வைக்காதீர்கள், நச்சான குரோமியம் சேர்மங்கள் தண்ணீரில் கலக்கும். ஹைட்ரஜன் வாயு வெளிவரும், ஆகவே திறந்த வெளியில் வையுங்கள். இரும்பும் எஃகும் மட்டுமே உள்ளே போகலாம். அட்லஸ் லேத்துகளின் கியர்கள் ஜாமக் என்ற துத்தநாகக் கலவை. அவை சோடாத் தண்ணீரில் அரித்துப்போகும்.

உங்கள் பச்சைப் பெயிண்டின் அடி அடுக்குகளில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூள் கிளப்பாதீர்கள். நனைத்தே சுரண்டுங்கள், தகுந்த முகக்கவசம் அணியுங்கள், சுரண்டியதைக் காகிதத்தில் சேகரியுங்கள், குழந்தைகளை அருகே விடாதீர்கள். புதிய பெயிண்ட்டைப் பற்றி என் கருத்து கண்டிப்பானது: லேத் சரியாகக் கடையத் தொடங்கும்வரை ஒரு சொட்டும் வேண்டாம்.

உடைந்த கியரில் இரண்டு பற்களும் அடுத்தடுத்து இருந்தால், அந்த இடத்தில் புறாவால் வடிவப் பள்ளம் வெட்டி, எஃகுத் துண்டைப் பொருத்திப் பித்தளையால் பற்றவைத்து (பிரேஸ் செய்து), பல்லை அரத்தால் வடிக்கலாம். சேஞ்ச் கியருக்கு அது போதும், வேகமும் சுமையும் குறைவு. பேக் கியருக்கு நான் அதைச் செய்ய மாட்டேன், புதிதாக வெட்டச் சொல்வேன்.

எண்ணெய்க் கிண்ணங்களில் கிரீஸ் அடைக்காதீர்கள். முந்தையவர் அடைத்திருந்தால் முழுக்கத் தோண்டி எடுங்கள், ஏனென்றால் கிரீஸுக்குப் பின்னால் எண்ணெய் போக வழியில்லை. சிறிய லேத்தின் புஷ் பேரிங்குக்கு ஐ.எஸ்.ஓ. 22 அல்லது 32 பாகுநிலை எண்ணெய், வழித்தடங்களுக்கு 68 பாகுநிலை வழித்தட எண்ணெய். பழைய மோட்டாரின் கம்பி உறை விரலில் பொடிந்தால் மின்பணியாளரிடம் கொடுத்து மாற்றுங்கள். லேத்தின் உடலுக்கு எர்த் இணைப்பு, பெல்ட்டுக்கும் கியர்களுக்கும் மூடி, கை எட்டும் இடத்தில் நிறுத்தும் பொத்தான், இவை இல்லாமல் ஓட்ட வேண்டாம். மரையால் பிடித்த சக்கை எதிர்த்திசையில் ஓட்டினால் அது கழன்று வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி முறுக்கம். ஏறத்தாழ 25 மி.மீ. விட்டமுள்ள தண்டைச் சக்கில் பிடித்து 150 மி.மீ. வெளியே நீட்டுங்கள், டெயில்ஸ்டாக் தாங்கல் வேண்டாம். நடுப்பகுதியைச் சற்றுக் குறைத்து, சக்கின் அருகே ஒன்றும் நுனியில் ஒன்றுமாக இரண்டு வளையங்களை விடுங்கள். கூரான டூலால், குறுக்கு டயலைத் தொடாமல், மிக மெல்லிய ஒரே வெட்டில் இரண்டையும் கடைந்து மைக்ரோமீட்டரால் அளங்கள். நுனி வளையம் பெரிதாக இருந்தால், அந்த இடத்தில் டூல் உங்கள் பக்கமாக விலகியிருக்கிறது என்று பொருள்: டெயில்ஸ்டாக் பக்கம், நீங்கள் நிற்கும் பக்கத்துக் காலின் அடியில் மெல்லிய தகடு வைத்து உயர்த்துங்கள். சிறிதாக இருந்தால் எதிர்ப் பக்கத்துக் காலை உயர்த்துங்கள். ஒவ்வொரு முறையும் போல்ட்டை இறுக்கிய பிறகே கடையுங்கள். இரண்டு வளையங்களும் 0.02 மி.மீ.-க்குள் வந்துவிட்டால் பெரும்பாலான வேலைக்கு அது போதும். சில வாரம் ஓட்டிய பின் தரையும் பலகையும் அமுங்கியிருக்கும்; அதே தண்டைத் திரும்பப் பிடித்து இன்னொரு முறை அளந்து பாருங்கள்.